கலங்காத கையும் கலங்கும் நெஞ்சும்

ஒரு நூலைப்பற்றி வாசகர் கூறும் அபிப்பிராயம் நூலைக் காட்டுவதோடு அமையாது, வாசகரையும் காட்டிவிடும். கண்ணாடியிற் பழுதிருந்தால் முகம் கோணித் தோன்றும். முகத்திற் பழுதிருந்தாலும் கோணித்தான் தோன்றும். பழுது எதில் என்று துணிவதற்கு முன்னர் இரண்டையும் ஒருமுறை துடைத்துக்கொள்ளுதல் நன்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்த எனக்கு இவ்வுண்மை தெளிவாக விளங்கியது அண்மையிலேதான். அதுவும் ஓமந்தையிற் கூடிய ஒரு சிறு வாசகர் கூட்டத்திலேதான்.

ஓமந்தை பெரிய ஊரன்று. வவுனியாவுக்கு வடக்கே, கண்டி வீதியையும் புகையிரதப் பாதையையும் அண்டி, வயலுங் குளமுங் காடுமாய்க் கிடக்கும் ஊர். வெளியூரார் பலருக்கு இப்பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருவது சோதனைச் சாவடி. 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தின் பின்னர், இரண்டு ஆட்சிகளுக்கு இடைப்பட்ட வாயிலாக இவ்விடம் இருந்தது. 2009 இல் வன்னிப் போரிலிருந்து உயிர்தப்பி வந்தோருள் மிகப் பலர் இங்கே விசாரிக்கப்பட்ட பின்னரே செட்டிகுளத்து முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 2011 இற் புகையிரதம் மீண்டும் ஓமந்தைவரை வந்தது. சாவடியும் பின்னர் அகன்றது. இப்போது இங்கே மாலை வேளையிற் பத்துப்பேர் கூடி, ஒரு நூலைப் படித்து, அச்சமின்றி வாதாடலாம். இது சிறிய பேறு என்று இவ்வூரார் எவரும் எண்ணார்.

எங்கள் கூட்டம் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளிற் கூடும். ஆசிரியர் சிலர், உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலர், கோயிலிற் புராணத்துக்குப் பயன் சொல்லும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற வைத்தியசாலைச் சிற்றூழியர் ஒருவர், இவர்களோடு நான். இம்முறை எடுத்துக்கொண்ட நூல் எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 1896 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'டொக்டர் மோரோவின் தீவு' என்னும் விஞ்ஞான நாவல். ஆங்கிலங் கற்பிக்கும் இளைஞர் ஒருவர் மூலத்தை வாசித்து வாசித்துத் தமிழிற் பொருள் சொல்லி வந்தார். புராணபடனத்தில் ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்வாரன்றோ? இங்கே வாசிப்பும் பயனும் அவரொருவருடைய தலையிலேயே விழுந்தன. நான்கு அமர்வுகளிற் கதை முடிந்தது.

தொடக்கத்திலேயே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிறேன். விஞ்ஞானக் கதை என்றால் எனக்கு இளக்காரம். பிராசீன பாடசாலை வழியிற் பண்டிதப் பரீட்சைக்குப் படித்தவன் நான். சிந்தாமணியிலே மயிற்பொறி பறக்கிறது, மணிமேகலையிலே அமுதசுரபி எடுக்கக் குறையாமற் சுரக்கிறது. இவற்றின் மேலும் வேறோர் அற்புதக் கதை எதற்கு என்பது என் எண்ணம். அதற்காக மயிற்பொறியைக் காட்டி விமானங் கண்டவர் நாமே என்று முழங்குவார் கூட்டத்திலும் நான் சேர்ந்தவனல்லன். ஆயினும் அத்தகைய நூல்களை மாணாக்கர் கையிலிருந்து வாங்கி என் மேசைக்குள் வைத்ததுண்டு. அவற்றுள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். அந்த மாணாக்கர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. நூல் மாத்திரம் என்னிடம் இருக்கிறது.

கதை

கதையைச் சுருக்கிக் கூறுவேன். கப்பல் உடைந்து கடலில் மிதந்த பிரெண்டிக் என்பவன் பெயரறியாத் தீவொன்றைச் சேருகிறான். அத்தீவின் தலைவர் மோரோ. ஒருகாலத்தில் இலண்டனிற் புகழ்பெற்ற உடற்றொழிலறிஞர், கைதேர்ந்த சத்திரவைத்தியர். அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து தோலுரிக்கப்பட்ட நாயொன்று வீதிக்கு ஓடிவர, ஊரார் கொதித்தெழ, நாட்டைவிட்டு நீங்கியவர். அவருக்குத் துணை மொண்ட்கோமரி என்பவன். மருத்துவம் படிக்கையில் ஏதோ பழி நேர, படிப்பை இழந்து, மதுவிற் புகலடைந்தவன்.

தீவில் மோரோ செய்யும் வேலை யாது? விலங்குகளைக் கத்தியால் அறுத்தும் ஒட்டியும் வளைத்தும் மனித வடிவாக்குதல். மயக்க மருந்து இல்லை. அவர் வேலைசெய்யும் இடத்தை அந்த உயிர்கள் நோவின் வீடு என்று பெயரிட்டு அஞ்சுகின்றன. அவற்றுக்குச் சில விதிகள் கற்பிக்கப்பட்டுள்ளன. நாலு காலில் நடவாதே, ஊனுண்ணாதே என்பன போன்ற அவ்விதிகளை இருட்குகையில் அமர்ந்து அவை ஓதுகின்றன. ஈற்றில், பாதி அறுக்கப்பட்ட பூமா என்னும் பெரும்பூனையின் கையால் மோரோ இறக்கிறார். மொண்ட்கோமரியும் மடிகிறான். தலைவரை இழந்த விலங்குமாந்தர் மெல்ல மெல்லப் பழைய விலங்காகின்றனர். பிரெண்டிக் தப்பி இலண்டன் சேருகிறான். ஆனால் வீதியிற் செல்லும் மனிதர் முகங்களிலெல்லாம் அவனுக்கு விலங்கின் சாயல் தெரிகிறது. மனிதரை அஞ்சித் தனியே ஒதுங்கி வாழுகிறான்.

இதுவே கதை. இனி அபிப்பிராயங்களுக்கு வருவோம்.

இலண்டனில் நால்வர், ஓமந்தையில் நால்வர்

இந்நூல் வெளிவந்தபோது வெல்ஸுக்கு முப்பது வயது நிரம்பவில்லை. தோமஸ் ஹக்ஸ்லி என்னும் பேரறிஞரிடம் உயிரியல் பயின்றவர் அவர். நூலைக் கண்ட இலண்டன் விமர்சகர் பலர் முகஞ்சுளித்தனர். இரத்தமும் அருவருப்பும் மிகுந்துவிட்டன என்றனர். பீற்றர் சால்மர்ஸ் மிச்சல் என்னும் விலங்கியலறிஞர் இன்னுமொரு குற்றங் கண்டார். ஓரினத்தின் உடலுறுப்பை வேறோரினத்தில் ஒட்டிப் பிழைக்கச் செய்தல் ஆகாத காரியம். அதனை ஆகுமென்று எழுதி வாசகரை அச்சுறுத்துதல் தகாது என்பது அவர் வாதம். வெல்ஸ் அதே ஆண்டில் அதற்கு மறுமொழி எழுதினார். வேறு சிலர், உயிருள்ள விலங்கை அறுத்து ஆராயும் வழக்கத்துக்கு எதிரான நூல் இது என்று கொண்டு புகழ்ந்தனர். அவ்வழக்கத்தைக் கட்டுப்படுத்த இங்கிலாந்தில் 1876 இலேயே சட்டம் பிறந்திருந்தது, வாதம் ஓய்ந்திருக்கவில்லை. இன்னுஞ் சிலர், படைத்தவனையே பழிக்கும் நூல் என்றனர். ஆசிரியரும் பின்னாளில், தம் இளமைத் துடுக்கில் எழுந்த தெய்வநிந்தை என்னும் பொருள்பட இதனைக் குறிப்பிட்டார். 1932 இல் இக்கதை அமெரிக்காவிற் படமாகியபோது, இங்கிலாந்தில் அதற்குத் தடை விழுந்தது. 1958 வரை அத்தடை நீங்கவில்லை.

நூற்றாண்டு கடந்து, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், அவ்விமர்சகரின் பெயரையே கேட்டறியாத எங்கள் கூட்டத்தாரும் ஏறக்குறைய அவ்வரிசையிலேயே பேசினர் என்பதுதான் வியப்பு.

விஞ்ஞான ஆசிரியர் முதலிற் பேசினார். "இது நடவாத காரியம். ஓருடல் பிறவுடலின் தசையை ஏற்காது தள்ளிவிடும்," என்று விளக்கினார். தள்ளுவதன் காரணத்தை ஆராய்ந்த மெடவார், பேர்னற் என்போர் 1960 இல் நோபல் பரிசு பெற்றதையும், 1954 இற் போஸ்டனில் ஒருவர் சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தியது வெற்றிபெற்றமைக்கு அவ்விருவரும் ஒத்த இரட்டையராயிருந்ததே காரணம் என்பதையும் எடுத்துரைத்தார். மிச்சல் இருந்திருந்தால் அவரைத் தழுவிக்கொண்டிருப்பார். ஆயினும் நம் ஆசிரியர் நேர்மையாளர். பேச்சை முடிக்குமுன் தாமே எதிர்வழக்கும் உரைத்தார். 2022 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பன்றியொன்றின் மரபணுக்களை மாற்றி, அதன் இருதயத்தை ஒரு மனிதருக்குப் பொருத்தினர். அவர் இரண்டு மாதங்கள் உயிர்வாழ்ந்தார். ஆகவே, நடவாது என்ற சொல்லைச் சற்று மெதுவாகச் சொல்லவேண்டியிருக்கிறது என்றார். நூலின் விஞ்ஞானம் பழசாகிவிட்டது. அதனைப் பிழையென்று கூறிய விஞ்ஞானமும் பழசாகிவிட்டது. நாம் மாத்திரம் அந்நூலைச் சுற்றி இன்னும் அமர்ந்திருக்கிறோம். இதிலிருந்தே, நடக்குமா நடவாதா என்ற கேள்வி இந்நூலின் உயிர்நிலை ஆகாது என்பது போதரும்.

பயன் சொல்லும் பெரியவர் அடுத்தவர். "படைத்தலுங் காத்தலும் அழித்தலும் இறைவன் தொழில். அதிற் கைவைத்தவன் கெட்டான். கதை அவ்வளவுதான்," என்று முடித்துவிட்டார். ஆழமான சொல்லே. ஆனால் ஒரு நூலை ஒரு வாக்கியத்தில் அடக்கும்போது, அடங்காமல் வெளியே வழிவது எவ்வளவு என்றும் பார்க்கவேண்டும்.

நூலை வாசித்த இளைஞர் கூறிய கருத்துப் புதியது. மோரோவின் கையிற் கத்தி மாத்திரமா இருக்கிறது? சவுக்கும் இருக்கிறது, துவக்கும் இருக்கிறது. தீவில் வாழும் உயிர்களைப் பிடித்து, நோவித்து, திருத்தி, உங்களை மனிதராக்கினோம், எங்கள் விதியை ஓதுங்கள் என்று கூறும் வெள்ளைத் தலைவர் அவர். வெல்ஸ் 1898 இல் வெளியிட்ட மற்றோர் நாவலின் தொடக்கத்திலேயே, தஸ்மேனியத் தீவின் பழங்குடியினரை ஐரோப்பியர் பூண்டோடு அழித்ததை எடுத்துக்காட்டி, வேற்றுலகத்தார் நம்மீது படையெடுத்தால் நொந்துகொள்ள நமக்கு உரிமையுண்டோ என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். ஆகவே இவ்விளைஞரின் கருத்து வலிந்து கொண்டதென்று தள்ளத்தக்கதன்று. ஆளப்பட்ட நாட்டில் இருந்து படித்தோரே இதனை இவ்வளவு கூர்மையாகக் காணமுடியும்.

நான்காவதாகப் பேசியவள் உயர்தர வகுப்பு மாணவி. அவள் பேசியது நூலைப்பற்றியன்று, என்னைப்பற்றி.

மாணவியின் வினா

அது நேர்ந்தவாறு இது. அவளுக்கு முன்னே நான் சிறிது பேசியிருந்தேன். நம் மரபைச் சிறிது உயர்த்திப் பேசினேன். "நம் இலக்கியத்திலும் உறுப்பை அறுத்தோர் உளர். கண்ணப்பர் அம்பினாற் கண்ணை அகழ்ந்து இறைவன் கண்ணில் அப்பினார். சிபி தன் தசையை அரிந்து தராசிலிட்டான். ஆனால் இவர்கள் அறுத்தது தம்முடலை. மோரோ அறுத்தது பிறிதோருயிரின் உடலை. இதுவே அவர்க்கும் நமக்கும் உள்ள வேறுபாடு," என்றேன். சபை தலையசைத்தது. எனக்கும் திருப்தி.

அப்பொழுது அம்மாணவி எழுந்து, "ஐயா, சிறுத்தொண்டர் அறுத்தது யாருடைய உடலை?" என்று கேட்டாள்.

சபை அமைதியாயிற்று. பெரியபுராணம் படித்தோர்க்கு இவ்வினாவின் கூர்மை விளங்கும். பைரவக் கோலத்தில் வந்த அடியார், தந்தை அரியத் தாய் பிடிக்க, இருவரும் மனமுவந்து, தம் ஒரே மகனைக் கறிசமைத்து இடவேண்டும் என்றார். சிறுத்தொண்டரும் மனைவியாரும் ஐந்து வயதுச் சீராளனை அவ்வாறே சமைத்தனர். அவள் சொல்லாத ஒன்றும் எனக்குத் தெரியும். பரஞ்சோதியார் என்னும் பெயரோடு அவர் பல்லவன் சேனையை நடத்தி வாதாபியை வென்றவர் என்பதை மாணாக்கர் அறிவர். அவர் ஆயுள்வேதமும் கற்றவர் என்பதைச் சேக்கிழார் எடுத்துரைத்துள்ளமை பலர் நினைவில் நிற்பதில்லை. மருத்துவங் கற்ற கையே அன்று கருவியை எடுத்தது. அங்கும் நெஞ்சு கலங்கக்கூடாது என்பதே நிபந்தனை.

"சீராளனிடம் யாராவது கேட்டார்களா, ஐயா?" என்றாள் அவள் மறுபடியும். குறும்பாகக் கேட்கவில்லை, விடை வேண்டியே கேட்டாள்.

ஆசிரியத் தொழிலிலே மாணாக்கரை அடக்கும் விடைகள் பல கைவசம் உண்டு. பக்தியின் எல்லையைக் காட்டவந்த கதை என்றிருக்கலாம். இறைவன் சோதனை என்றிருக்கலாம். இவை பொய்யல்ல. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு இவை விடையல்ல. "கேட்கவில்லை, பிள்ளை," என்றேன். அன்றைக்கு அவ்வளவே சொல்ல முடிந்தது.

பின்னர் பல நாள் இதனை எண்ணினேன். சேக்கிழார் சீராளனை இறந்தவனாக விட்டுவிடவில்லை. வெளியே சென்று பிள்ளையைக் கூவி அழையுங்கள் என்கிறார் அடியார். தாய் கூவி அழைக்கிறாள். பள்ளியிலிருந்து ஓடிவருபவன்போலப் பிள்ளை ஓடிவருகிறான். அவன் ஓடிவராவிட்டால் அப்புராணத்தை நம் முன்னோர் ஒருநாளும் கோயிலில் வைத்துப் படித்திருக்க மாட்டார். கேளாமற் பறித்த உயிரைத் திருப்பிக் கொடுத்தேயாகவேண்டும் என்பது அக்கதையின் உள்ளே அமைந்த நியாயம். புராணம் திருப்பிக் கொடுக்கிறது. நாவல் திருப்பிக் கொடுப்பதில்லை. மோரோவின் தீவில் அறுக்கப்பட்ட உயிர் எதுவும் ஓடிவரவில்லை. எங்கள் மண்ணோ நாவலின் பக்கம் நிற்கிறது. 2017 ஆம் ஆண்டில் வவுனியா நகரிற் கண்டி வீதியோரத்தில் அமரத் தொடங்கிய தாய்மாரை இவ்வழியே போய்வருவோர் அறிவர். அவர்களும் பெயர் சொல்லி அழைத்தவர்களே.

ஆதலால் அம்மாணவியின் வினாவைச் சைவத்துக்கு மாறான வினாவென்று நான் கொள்ளவில்லை. ஒரு விஞ்ஞான நாவல் அவளைப் பெரியபுராணத்தை மீண்டும் திறக்கச் செய்தது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்று என்னாற் செய்யமுடியாததை அது செய்தது.

சிற்றூழியர் சொன்னது

ஈற்றிற் பேசியவர் ஓய்வுபெற்ற வைத்தியசாலைச் சிற்றூழியர். நான்கு அமர்விலும் வாய்திறவாதவர். 2009 ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சென்ற வைத்தியசாலைகளிற் கடைசிவரை பணிசெய்தவர். மருந்து இல்லை, மயக்க மருந்தும் போதாது, பள்ளிக்கூடக் கட்டடமே சத்திரசிகிச்சைக் கூடம்.

கதைகளிற் பேச்சு வழக்கைக் கொணரலாமா என்று 1960களில் இந்நாட்டிற் பெரும்போர் நடந்தது. ஆகாதென்று வாதிட்ட பண்டிதர் மரபில் வந்தவன் நான். இன்றும் கட்டுரைக்குச் செந்தமிழே தக்கதென்பது என் கொள்கை. ஆயினும் இவர் சொன்னதை நான் திருத்தி எழுதினால் அது பொய்யாகிவிடும். அவர் சொன்னவாறே தருகிறேன்.

"உந்தக் கதையின்ர விஞ்ஞானம் எனக்கு விளங்காது, ஐயா. எனக்குப் பயமாக் கிடந்தது ஒண்டுதான். உந்தப் பெரிய டொக்டர் ஒருக்காவும் அழயில்லை. நான் பாத்த டொக்டர்மார் அழுதவை. வெட்டேக்க அழயில்லை, கை நடுங்கக் கூடாதெல்லோ. வெட்டி முடிச்சு, வெளியால வந்து, மரத்துக்குக் கீழ நிண்டு அழுதவை. பிறகு முகத்தைக் கழுவிப்போட்டு, அடுத்த ஆளைக் கொண்டு வா எண்டு சொல்லுவினம். நான் கால் பிடிச்சுக்கொண்டு நிண்டனான். காலைப் பிடிச்சவனுக்கே இண்டைக்கும் நித்திரை இல்லை."

அதற்குமேல் எவரும் பேசவில்லை. கூட்டம் கலைந்தது.

என் அபிப்பிராயம்

கலங்கிய சத்திரவைத்தியரின் கதை என்று இந்நாவலை அறிமுகஞ் செய்வார் உண்டு. அப்படியன்று என்பதே என் துணிபு. மோரோ கலங்கவேயில்லை. கலங்காமையே அவர் நோய். கதையில் ஓரிடத்தில் அவர் தம் தொடையிற் கத்தியைக் குத்திக் காட்டி, நோவு என்பது பொருட்படுத்தத்தக்கதன்று என்று பிரெண்டிக்குக்கு உபதேசிக்கிறார். தம் தொடையிற் குத்தும் இடத்தையும் ஆழத்தையும் தாமே தெரிந்துகொண்டவர் அவர். பூமாவுக்கு அவ்வுரிமை இல்லை. தன் நோவை வெல்லுதல் தவம்; பிறர் நோவைப் பொருட்படுத்தாமை கொடுமை. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்கியதுதான் மோரோவின் அறிவுக்குள் இருந்த அறியாமை.

கலங்குபவன் வேறொருவன், அவன் மொண்ட்கோமரி. அவனுக்கு விலங்குமாந்தரிடம் இரக்கம் உண்டு. அவர்களிற் சிலரைத் தோழராகவும் நடத்துகிறான். ஆனால் அவன் கலக்கம் கையை எட்டவில்லை. ஒரு முறையேனும் மோரோவின் கதவைத் தட்டி, நிறுத்துங்கள் என்று அவன் சொல்லவில்லை. கலங்கினான், குடித்தான், மறந்தான், மீண்டுங் கலங்கினான். பிரெண்டிக்கோ நோவின் ஒலி கேளாத தூரத்துக்கு நடந்து செல்கிறான். கேளாவிட்டால் இரக்கமும் இல்லாமற் போகிறது. இதனை அவனே ஒப்புக்கொள்வதாக வெல்ஸ் எழுதியிருப்பது நூலின் மிக உண்மையான இடங்களுள் ஒன்று. நம்மிற் பலர் செய்தது அதுதானே? நோவின் ஒலி எட்டாத தூரத்தில் இருந்துகொண்டு, நடந்தவற்றைப்பற்றி அபிப்பிராயஞ் சொன்னோம்.

ஆகவே தீவில் இருப்போர் மூவர். கலங்காதவர் ஒருவர், கலங்கி ஓய்ந்தவர் ஒருவர், கலக்கத்துக்கு எட்டாமல் ஒதுங்கியவர் ஒருவர். நான்காமவர் அங்கே இல்லை. கலங்கியும் கை நடுங்காதவர், அறுத்தபின் மரத்தடியில் நின்று அழுது முகங் கழுவி மீண்டும் உள்ளே செல்பவர், அத்தீவில் இல்லை. இதுவே இந்நாவலின் குறை என்பேன். வெல்ஸ் மனிதர் முகத்தில் விலங்கைக் கண்டு முடித்தார். எங்கள் சிற்றூழியர் அதனினும் கொடிய தீவொன்றில் இருந்து வந்தவர். அவர் மனிதர் முகத்தில் மனிதரையே கண்டு வந்திருக்கிறார். இவ்வேறுபாட்டை இலண்டன் விமர்சகர் எவரும் சொல்லியிருக்க முடியாது. வன்னியிற் கால் பிடித்து நின்றவர் ஒருவராலேயே சொல்லமுடிந்தது.

குலசேகராழ்வார் திருவித்துவக்கோட்டுப் பதிகத்தில் ஓர் உவமை கூறுகிறார். மருத்துவன் அறுத்தாலுஞ் சுட்டாலும் அவன்மீது நோயாளிக்கு அன்பு குறைவதில்லை. அதுபோன்றது தம் பக்தி என்கிறார். அந்த அன்பு எங்கிருந்து வருகிறது? அறுப்பவன் என் நோவை அறிவான் என்ற நம்பிக்கையிலிருந்து வருகிறது. தீவில் அந்நம்பிக்கை இல்லை. ஆகவே அங்கே அறுவை உண்டு, மருத்துவம் இல்லை. இரண்டிடத்துங் கத்தி ஒன்றே.

பண்டிதர்க்கும் ஆசிரியர்க்கும் ஒரு வேண்டுகோள்

விஞ்ஞானம் நமக்குப் புறம்பானது, விஞ்ஞானக் கதை அதனினும் புறம்பானது என்று என்போல ஒதுக்கி வைத்தோர் ஒன்றை நினைவுகூர்தல் வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழிலேயே மேனாட்டு மருத்துவங் கற்பித்தார். சத்திரவைத்தியம் பற்றிய பெருநூலொன்றை 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867 இல் வெளியிட்டார். அந்நூலுக்குச் சொல் தேடித் தமிழறிந்தோர் அவரோடு அமர்ந்தனர். இரணம் என்றாற் புண். நூலின் பெயரிலேயே கத்தி இல்லை. நோயாளியின் புண் இருக்கிறது. கருவியைக் கொண்டு பெயரிடாமல் நோவைக் கொண்டு பெயரிட்ட மொழி நம் மொழி. அத்தகைய மொழியில் ஒரு சத்திரவைத்தியரின் கதையைப் படிக்கவும் வாதாடவும் நமக்குக் கூச்சம் எதற்கு?

அபிப்பிராயங்களைத் தரம் பிரிக்கும் பழக்கத்தையும் நாம் கைவிடுதல் நன்று. எங்கள் கூட்டத்திற் கற்றவர் நால்வர் பேசினோம். ஒவ்வொருவரும் நூலின் ஒவ்வொரு பக்கத்தைக் கண்டோம். மாணவி கேட்டது எங்கள் நூலகம் முழுவதையும் அசைத்தது. எழுத்தறிவு குறைந்தவர் என்று நாங்கள் எண்ணியிருந்தவர் நூலின் நடுவையும் குறையையும் ஒருங்கே தொட்டார். கற்றவர் பேச்சு முடிந்தவுடன் கூட்டத்தை முடித்திருந்தால் அவ்விரண்டையும் இழந்திருப்போம். ஈற்றில் இருப்பவர் பேசும்வரை காத்திருத்தலே வாசகர் கூட்டத்தின் முதல் விதி என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆசிரிய நண்பர்களே, மாணாக்கர் கையில் இத்தகைய நூலொன்றைக் கண்டால் வாங்கி மேசைக்குள் வைக்காதீர்கள். வைத்தவன் சொல்லுகிறேன். அவர்கள் படித்து முடிக்கும்வரை பொறுத்திருங்கள். பின்னர், இது நடக்குமா நடவாதா என்று கேளாது, இக்கதையில் நோவைச் சுமப்பவர் யார், அவரிடம் யாரேனும் கேட்டார்களா என்று கேளுங்கள். அக்கேள்வியை அவர்கள் ஒருநாள் நம் புராணங்களிடமும் கேட்பார்கள், நம்மிடமும் கேட்பார்கள். விடை தெரியாவிட்டால், தெரியவில்லை, பிள்ளை என்று சொல்லுங்கள். அதுவும் கற்பித்தலே.

என் மேசையிற் கிடக்கும் அந்நூலை எடுத்துத் தூசு தட்டி, எங்கள் கூட்டத்து நூல்களோடு வைத்திருக்கிறேன். உரியவர் ஒருநாள் வந்து கேட்டால் மன்னிப்போடு கொடுப்பேன். அதுவரை, அடுத்த சனிக்கிழமை முதல், அதனை வாசிக்கவிருக்கிறோம்.